மேற்குச் சுவரோரத்து ஆவாரை

(செப்டம்பர் மாதக் குடியிருப்போர் கூட்டத்தில், 'மேற்குச் சுவரோரப் பூங்கா' பற்றிய விவாதத்துக்கு முன், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை பேசியது. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாகத் தருகிறோம்.)

செயலாளர் சார் எனக்கு 10 நிமிடம் என்றார். 30 வருடம் 45 நிமிட வகுப்பு எடுத்துப் பழகிய வாய் இது. கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. போன அக்டோபரில் நம் மேற்குச் சுவரோரம் 'புதர் அகற்றுதல்' என்று ஆள் வைத்து வெட்டினோம். அதில் தானாக முளைத்து வளர்ந்திருந்த ஆவாரஞ்செடிகள் ஏழு போயின. வெட்டுக்கூலி சங்கக் கணக்கில் எழுதப்பட்டது. மூன்று மாதம் கழித்து, பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக் கட்டுவதற்காக கேட்டுக்கும் எல்லா பிளாக் வாசலுக்கும் சேர்த்து 12 கொத்து வாங்கினோம். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ. அதுவும் சங்கக் கணக்குதான். பொருளாளர் சார் சிரிக்கிறார். இரண்டு வவுச்சரிலும் கையெழுத்து அவருடையது.

வெட்டும்போது நான் ஊரில் இல்லை. இருந்திருந்தால் நின்று சண்டை போட்டிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கும் அது பெரிதாகத் தோன்றியிருக்காது. 30 வருடம் கரும்பலகையில் ஆவாரம்பூவின் படம் வரைந்திருக்கிறேன். செடியின் முன்னால் ஒரு அரை மணி நேரம் சும்மா நின்று பார்த்தது கிடையாது.

அந்த செப்டம்பரில் நான் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் வேலியோரமாக இடுப்பளவு உயரத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. கோல்டன்ராட். நமக்கும் தெரிந்த பூதான். பூங்கொத்துக் கடையில் ரோஜாவுக்கு நடுவே செருகித் தருகிற பொடிப்பொடியான மஞ்சள் கொத்து. அங்கே அது ரோட்டோரக் காட்டுச்செடி. நெப்ராஸ்கா மாநிலம் 1895-லேயே அதைத் தன் மாநிலப் பூவாக வைத்துக்கொண்டது. கென்டக்கி 1926-இல். குளிர்காலம் வருவதற்கு முன் மற்ற பூக்கள் ஓய்ந்துபோன நேரத்தில் தேனீக்களுக்கும், தெற்கே மெக்சிகோவுக்குப் பறக்கிற மோனார்க் வண்ணத்துப்பூச்சிக்கும் அதுதான் வழிச்சாப்பாடு. அதற்காகவே அந்த வீட்டுக்காரம்மா அதை வெட்டாமல் விட்டிருந்தார். எனக்கு ஒரே ஆசை. விதை வாங்கி மதுரைக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். மகள் திருப்பிக் கேட்டாள்: "அம்மா, இதுக்கு நம்மூர்ல என்ன இருக்கு?"

தாவரவியல் டீச்சரிடம் பொறியாளர் கேட்ட கேள்வி. விமானம் ஏறும்வரை மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மதுரைக்கு வந்து இறங்கி, மறுநாள் காலை நடைப்பயிற்சிக்குப் போனால் மேற்குச் சுவர் மொட்டையாக இருந்தது. அப்போதுதான் பதில் கிடைத்தது. வெட்டிப் போட்டிருந்தது அதைத்தான்.

நல்லவேளை, ஆவாரை அவ்வளவு லேசில் சாகாது. நம் தோட்டக்கார அண்ணன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். "டீச்சர், தூரோட தோண்டலைல்ல, வந்துரும்" என்றார். வந்தது. ஏழில் நான்கு துளிர்த்து இப்போது இடுப்புக்கு மேல் நிற்கின்றன. கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம், பூவும் இருக்கிறது. இன்றைக்கு நாம் ஓட்டுப் போடப்போவது இந்த நான்கையும் ஜேசிபி வைத்துத் தோண்டி எடுத்துவிட்டுப் புல்தரை போடுவதா என்பதற்குத்தான். அதனால்தான் பேச நேரம் கேட்டேன்.

ஜனவரியிலிருந்து காலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்தச் செடிகளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். "டீச்சருக்கு என்னாச்சு" என்று சிலர் பேசிக்கொண்டதும் தெரியும். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அது வருகிறவர்களுக்குத் தருவது மகரந்தம் மட்டும்தான், அதையும் சும்மா தராது. மற்ற பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்துத் தூள் வெளியே தெரியும். இதில் நுனியில் மட்டும் சின்ன ஓட்டை. முகப்பவுடர் டப்பா மாதிரி. சும்மா தொட்டால் வராது, குலுக்கினால்தான் கொட்டும். குலுக்கத் தெரிந்தவர் நம் கருவண்டு. அதை வண்டு என்கிறோமே தவிர அது உண்மையில் தேனீ இனம், காய்ந்த மரத்தில் துளை போட்டுக் கூடு கட்டும் பெரிய தேனீ. அது பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல், நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது வருகிற ரீங்காரம் வேறு, இது வேறு. 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம், செல்போன் வைப்ரேட் ஆகிற மாதிரி. உடனே அதன் வயிற்றில் மஞ்சள் தூள் கொட்டும். உடம்பில் நீலப்பட்டை போட்ட சின்னத் தேனீ ஒன்றும் வருகிறது, அதற்கும் இந்த வித்தை தெரியும். அடுக்குத் தேனீக்கும் மலைத்தேனீக்கும் இது வராது. அவை மற்றவர்கள் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகின்றன. வகுப்பில் இதை ஒரு வரியில் நடத்தியிருக்கிறேன். காதால் கேட்டது 63 வயதில்தான்.

எறும்பைப் பாருங்கள், அது பூவுக்குப் போகாது. இலைக்காம்பில், எதிரெதிர் சிற்றிலைகளுக்கு நடுவே, குண்டூசித் தலைபோலச் சின்னச் சுரப்பிகள் இருக்கும். தேன் அங்கேதான் கசிகிறது. எறும்புக்குச் சாப்பாடு போட்டுக் காவலுக்கு வைத்துக்கொண்டிருக்கிறது செடி.

காவல் இருந்தும் நுழைகிற ஒருவர் உண்டு. வெளிறிய வெள்ளையும் லேசான பச்சையும் கலந்த ஒரு வண்ணத்துப்பூச்சி, நிற்காமல் வேகமாகப் பறக்கும். தமிழில் தகரை வெள்ளையன் என்கிறார்கள், ஆங்கிலத்தில் மாட்டில்டு எமிக்ரன்ட். அது ஆவாரம்பூவுக்கு வருவதில்லை, இலைக்கு வருகிறது. தளிர் இலையாகப் பார்த்து ஒவ்வொன்றாக முட்டையிடுகிறது. வெள்ளை முட்டை, கதிர் மாதிரி நட்டுக்குத்தலாக நிற்கும். அதிலிருந்து வருகிற புழு அச்சு அசலாக இலையின் பச்சை, பக்கவாட்டில் ஒரு வெளிர்கோடு. ஆவாரையும் தகரையும் அதன் நெருங்கிய சொந்தக்காரச் செடிகளும்தான் அதற்குச் சாப்பாடு. ரோஜா இலை கொடுத்தால் பட்டினி கிடந்து சாகும். ஆக, அக்டோபரில் நாம் ஏழு செடியை வெட்டியபோது, அந்தச் சுற்றுவட்டத்தில் அதன் மொத்தச் சமையலறையையும் மூடிவிட்டோம்.

இங்கே சிட்டுக்குருவிக் கதைக்கு வருகிறேன். மார்ச் 20, சிட்டுக்குருவி தினத்துக்குக் குழந்தைகள் எல்லாரும் சேர்ந்து அட்டைப்பெட்டியிலும் மரத்திலும் கூடு செய்து மாட்டினார்கள். ஏ பிளாக் போர்டிகோவில் இன்னும் தொங்குகிறது. ஒரு ஜோடி வந்து பார்த்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். அதற்குப் பல காரணம் இருக்கலாம். ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். பெரிய குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். நாம் கூடு மாட்டினோம், கிண்ணத்தில் கம்பு வைத்தோம். மருந்தடித்த தோட்டத்தில் புழுவுக்கு எங்கே போகும்? ஆவாரஞ்செடியில் புழு இருந்த வாரத்தில் தையல்சிட்டும் தவிட்டுக்குருவிக் கூட்டமும் தினமும் வந்தன. குழந்தைகள் சாட்சி.

"புழு வருமே டீச்சர்" என்று இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். ஆமாம், வரும். அதற்காகத்தான் கேட்கிறேன். அந்தப் புழுவில் சுணை கிடையாது, கையில் பட்டால் அரிக்காது, வீட்டுக்குள்ளும் வராது. சில வாரம் இலை ஓட்டையாக இருக்கும், பிறகு செடி மறுபடி தழைக்கும்.

"அலர்ஜி வருமே" என்றும் கேட்டார்கள். கோல்டன்ராட்டும் அமெரிக்காவில் நூறு வருடமாக இதே பழியைத்தான் சுமக்கிறது. அது பூக்கிற அதே மாதத்தில் ராக்வீட் என்று பச்சைப் பூ பூக்கிற இன்னொரு செடி காற்றில் மகரந்தத்தைக் கொட்டும். தும்மல் அதனால். ஆனால் கண்ணில் படுவது மஞ்சள் பூ, பழி அதற்கு. நம்மூரில் பார்த்தீனியம் அந்த வேலையைச் செய்கிறது, வெள்ளைப் பொடிப்பூ விஷச்செடி. தோல் அரிப்பு, மூச்சிரைப்பு எல்லாம் அதனால் வரும். ஆவாரை மகரந்தம் பூச்சி சுமந்தால்தான் போகும். நம் வளாகத்தில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் பார்த்தீனியம் முழங்காலளவு நிற்கிறது. போன அக்டோபரில் அதை யாரும் தொடவில்லை! அதைப் பூக்கும் முன், கையுறை போட்டு, வேரோடு பிடுங்க வேண்டும்.

பாம்பு. இது நியாயமான பயம், சிரித்துத் தள்ளமாட்டேன். பாம்பு செடிக்காக வருவதில்லை; எலிக்காகவும், ஒளிய இடத்துக்காகவும் வருகிறது. உடைந்த டைல்ஸ், பழைய கதவு, மட்டை, இதெல்லாம் அந்தச் சுவரோரம் குவிந்திருக்கிறதே, முதலில் அதை அகற்றலாம். ஆவாரையின் அடிக்கிளைகளை ஒரு அடி உயரத்துக்குக் கழித்துவிட்டால் அடிப்பக்கம் வெளிச்சமாக, தரை தெரியும்படி இருக்கும்.

இப்போது கொட்டேஷனில் உள்ள செடிகளைப் பற்றி. ஒப்பந்தக்காரர் மேல் குறை சொல்லவில்லை, எல்லாருக்கும் அவர் இதைத்தான் கொடுக்கிறார். புல்தரை, சுவரோரம் டெகோமா, தரையில் படர வெடிலியா. "மஞ்சள் பூதானே கேட்டீர்கள், இதுவும் மஞ்சள்தானே" என்பார். டெகோமாவும் வெடிலியாவும் அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடிகள். டெகோமாவுக்குத் தேன்சிட்டு வரும், மறுக்கவில்லை. ஆனால் அதன் இலையில் நம் வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டு நான் பார்த்ததில்லை. வெடிலியா, உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது. தோட்டத்து அழகுக்கு வைத்தது வாய்க்கால் கரைக்குப் போனால் திரும்ப வராது. நீலகிரிப் பக்கம் முதுமலையில் என்ன நடந்தது என்று பத்திரிகையில் படித்திருப்பீர்கள். சென்னா ஸ்பெக்டபிலிஸ் என்ற மஞ்சள் கொன்றை, ஆவாரைக்கே ஒன்றுவிட்ட சொந்தம், அழகாக இருக்கிறதே என்று வெளிநாட்டிலிருந்து வந்தது. காட்டுக்குள் பரவி, கீழே புல் முளைக்கவிடாமல் செய்ய, இப்போது வனத்துறை அதை வெட்டித் தமிழ்நாடு காகித ஆலைக்குக் கூழுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. நான் கொண்டுவர ஆசைப்பட்ட கோல்டன்ராட்டும் யோக்கியமில்லை. தன் ஊரில் தேனீக்குச் சோறு போடுகிற அதே செடி, சீனாவிலும் ஐரோப்பாவிலும் வயலையும் ஆற்றங்கரையையும் பிடித்துக்கொண்டு விரட்ட முடியாமல் கிடக்கிறது. மகள் தடுத்தது நல்லதாயிற்று.

தண்ணீர்க் கணக்கைப் பொருளாளர் என்னைவிட நன்றாகச் சொல்வார். மதுரைக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையை ஒட்டிக் கொட்டிவிட்டுப் போய்விடும். சித்திரையில் நமக்கே டேங்கர் லாரி. அப்போது புல்தரைக்குத் தினமும் தண்ணீர் விட வேண்டும். அந்த மேற்குப் பக்கம், கட்டடம் கட்டும்போது கொட்டின சரளையும் செவலும்தான், மதிய வெயில் நேராக அடிக்கும். புல்லுக்கு அங்கே நரகம். ஆவாரைக்கு அதுதான் சொந்த வீடு. நாகமலை அடிவாரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் யார் அதற்குத் தண்ணீர் ஊற்றினார்கள்?

பழைய பெருமையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தமிழய்யா ஒருவர் முன்வரிசையில் இருக்கிறார், சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் ஆவிரையும் ஒன்று. காதல் கைகூடாத ஆண்மகன் பனைமட்டைக் குதிரை ஏறி ஊர் நடுவே வருவதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. மடலேறுதல். அந்தப் பாடல்களிலும் ஆவிரம்பூ மாலை வருகிறது. தெலங்கானா 2014-இல் தனி மாநிலமானதும் இதையே மாநிலப் பூவாக அறிவித்தது. அங்கே தங்கேடு என்பார்கள், பதுக்கம்மா பண்டிகையில் பூக்கோபுரம் அடுக்குவது இதை வைத்துத்தான். இலங்கையில் சிங்களவர்கள் ரணவரா என்று சொல்லி இதைத் தேநீராகக் குடிக்கிறார்கள். நம் பக்கம் திண்டுக்கல் தோல் ஷாப்புகளில், தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து இறங்குவதற்கு முன்பு, தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையால். வயலில் தழை உரமாக மிதித்தது, குளியல் பொடியில் போட்டது, பல் விளக்கியது என்று பாட்டிமாரைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள்.

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழி உங்கள் வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை வருகிறது, தெரியும். பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறவர்கள் குடியுங்கள். ஆனால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கிறேன் என்று யாராவது சொன்னால், நானே செடியை வெட்டிவிடுவேன். டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். பறிப்பவர்களும் மொத்தத்தையும் மொட்டையடிக்காமல், கருவண்டுக்கும் கொஞ்சம் விடுங்கள்.

எப்படி வளர்ப்பது? முதலில் நான் தோற்ற கதை. பிப்ரவரியில், ஆர்வத்தில், ரோட்டோரத்திலிருந்து முழங்கால் உயரச் செடி ஒன்றைத் தோண்டிவந்து என் பால்கனித் தொட்டியில் வைத்தேன். நான்கு நாளில் தலை தொங்கியது, பத்தாம் நாள் விறகு. ஆணிவேர் நேராகக் கீழே போகிற செடி. தோண்டும்போது அந்த வேர் அறுந்தது, செடியும் போனது. யாரும் அப்படிச் செய்யாதீர்கள். காட்டிலும் ஒரு செடி குறைகிறது.

விதைதான் வழி. நெற்று தட்டையாக, அப்பளத் துண்டு மாதிரி மெல்லியதாக இருக்கும். பழுப்பாகிக் காய்ந்ததும் பறித்தால் உள்ளே பத்துப் பதினைந்து விதை. தோல் கெட்டி, அப்படியே போட்டால் மாதக்கணக்கில் தூங்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, இறக்கி, இரண்டு நிமிடம் பொறுத்து விதையைப் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியதை எடுத்து விதையுங்கள். உப்பாததை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவையுங்கள். நிற்கப்போகிற இடத்திலேயே விதைப்பது உத்தமம், ஒரு விரற்கடை ஆழம், செடிக்குச் செடி நான்கு அடி. ஐப்பசி மழைக்கு முன் போட்டால் மழையே வளர்த்துவிடும். முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒரு தடவை தண்ணீர். பிறகு மறந்துவிடலாம். உரம் வேண்டாம், பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். பூத்து ஓய்ந்ததும் நான்கு அடிக்குக் கவாத்து செய்தால் வேலி மாதிரி அடர்ந்து நிற்கும். பார்ப்பதற்கு 'கவனிக்காமல் விட்ட புதர்' என்று தோன்றாமல் இருக்க முன்பக்கம் ஒரு வரிசை கல் பதித்து, இடையில் தும்பையை விடுங்கள். ஆவாரையில் முட்டையிட வருகிற வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் குடிக்க அங்கே வழி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. நர்சரியில் 'ஆவாரை' என்று வேறு எதையாவது கொடுத்துவிடுவார்கள். அடையாளம் சொல்கிறேன்: இலைக்காம்பு தண்டில் சேருகிற இடத்தில் காது மடல் மாதிரி இரண்டு வட்டமான சிறு இலைகள் இருக்க வேண்டும். அதன் லத்தீன் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. ஆரிகுலேட்டா என்றால் காதுடையது. காது இல்லையென்றால் வாங்காதீர்கள்.

என் கோரிக்கை இதுதான். சுவரோரம் 80 அடி நீளம். அதில் குழந்தைகள் ஊஞ்சல் பக்கமுள்ள 30 அடியில் புல்லோ கல்லோ போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை, விளையாட இடம் வேண்டும். மீதி 50 அடியை இரண்டு மழைக்காலத்துக்கு விட்டுக்கொடுங்கள். அந்த நான்கு செடியைத் தோண்டக்கூடாது, களைக்கொல்லி அடிக்கக்கூடாது. ஆள் கூலி இல்லை. தோட்டக்கார அண்ணனும் நானும், ஞாயிற்றுக்கிழமை வருகிற பிள்ளைகளும் பார்த்துக்கொள்கிறோம். இரண்டு வருடம் கழித்து நன்றாக இல்லை என்று இதே கூட்டத்தில் தீர்மானம் போட்டால், நானே கையெழுத்துப் போடுகிறேன்.

டீ வந்துவிட்டது. விதை 20 பொட்டலம் கட்டி வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன், பால்கனியில் ஆழமான தொட்டி இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். செடியைப் பார்க்க வருகிறவர்கள் நாளைக் காலை ஏழு மணிக்குள் வாருங்கள், கருவண்டு வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுகிறது. நாற்காலி போட்டு வைக்கிறேன்.